ஃபைபர் வள்ளத்தில் சைட்மவுண்ட்: எதை வாங்குவது, எதை விடுவது?

பாளைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். ஊர் பாளையங்கோட்டை, வயது 46. ஆறு வருடமாக ஸ்கூபா போய்க்கொண்டிருக்கிறேன். லாக் புத்தகத்தில் 72 டைவ் இருக்கிறது. தூத்துக்குடிப் பக்கம், விழிஞ்ஞம், வருடத்துக்கு ஒரு தடவை அந்தமான். எல்லாம் இருபது மீட்டருக்குள்தான்.

போன வருடம் முதுகில் டிஸ்க் பிதுங்கி மூன்று மாதம் படுத்துவிட்டேன். இப்போது பரவாயில்லை. நீந்தலாம், டைவ் போகலாம், ஆனால் முதுகில் பாரம் ஏற்றாதே என்கிறார் டாக்டர். ஆடுகிற வள்ளத்தில் சிலிண்டரை மாட்டிக்கொண்டு எழுந்து நிற்கும் அந்த இரண்டு நிமிடம்தான் எனக்குப் பிரச்சினை. தண்ணீருக்குள் ஒன்றுமில்லை.

அதனால் சைட்மவுண்டுக்கு, அதாவது சிலிண்டரை முதுகில் இல்லாமல் உடம்பின் இரண்டு பக்கமும் மாட்டும் முறைக்கு, மாறலாம் என்று யோசனை. இரண்டு வகை பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, முதுகிலும் மாட்டலாம், பக்கவாட்டிலும் மாட்டலாம் என்கிற, காற்றடைத்து மிதக்கும் ஜாக்கெட். இன்னொன்று வெறும் பட்டையும் விங் என்கிற சின்னக் காற்றுப் பையும். பாதி தைத்த சட்டை மாதிரி இருக்கிறது. நம்ம பக்கத்துப் படகுக்கு எது சரி? ஆடிக் காற்று அடங்கும் வரை கடலுக்குப் போக முடியாது, அதற்குள் முடிவு செய்ய ஆசை.

ரெண்டு_சிலிண்டர்

அண்ணாச்சி, அந்த இரட்டை வேட ஜாக்கெட்டை முதலில் மறந்துவிடுங்கள். ஒரு வருடம் வைத்திருந்து விற்றவன் சொல்கிறேன். முதுகில் மாட்டினால் சாதாரண ஜாக்கெட் அளவுக்கு வசதி இல்லை, பக்கவாட்டில் மாட்டினால் சிலிண்டர் உடம்போடு ஒட்டாமல் தொங்குகிறது. உள்ளே வைத்துத் தைத்திருக்கும் பஞ்சு வேறு தானே மிதக்கும். அதை அமுக்க இரண்டு ஈயக்கட்டி கூடுதலாகக் கட்ட வேண்டும்.

நீங்கள் சொன்ன பாதி தைத்த சட்டைதான் சரி. எக்ஸ்டீப், ரேஸர், டைவ் ரைட் என்று எந்தப் பெயரில் வந்தாலும் அடிப்படை ஒன்றே. தோள்பட்டை, இடுப்புப்பட்டை, முதுகெலும்பு ஓரமாக ஈயம் வைக்கும் பை, இடுப்புப் பக்கம் அதிகக் காற்றுப் பிடிக்கும் விங், அக்குளுக்குக் கீழே சிலிண்டர் கழுத்தை இழுத்துப் பிடிக்கும் பங்கீ ரப்பர் கயிறு. நம்ம கடல் 28 டிகிரி, உடுப்பு மூன்று மில்லிமீட்டர். அலுமினியம் சிலிண்டருக்குப் பதினான்கு கிலோ தூக்கும் விங் தாராளம். இருபது, இருபத்தைந்து கிலோ என்று விற்பதெல்லாம் குளிர்நாட்டில் கனமான உடுப்பும் இரும்புச் சிலிண்டருமாக இறங்குகிறவர்களுக்கு.

ஆனால் இந்தப் பட்டைச் சட்டையை, அதாவது ஹார்னஸைக் கடைசியில் வாங்குங்கள். முதலில் காசு போட வேண்டியது ரெகுலேட்டருக்கும் (சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்தில் தருவது) ஹோஸுக்கும். சைட்மவுண்டில் எது தொந்தரவு தந்தாலும் பத்தில் எட்டு ஹோஸின் நீளமும் அது போகும் திசையும்தான் காரணம்.

முதல் நிலை, அதாவது ரெகுலேட்டரில் சிலிண்டர் வால்வோடு பூட்டும் பகுதி, இரண்டு வேண்டும். இரண்டிலும் சுழலும் தலையும் அதன் நுனியில் ஐந்தாவது துளையும் இருந்தால் நல்லது. ஹோஸ் நேராக நெஞ்சுப் பக்கம் வரும். இடது சிலிண்டரிலிருந்து 60 செ.மீ. குட்டை ஹோஸ், ரெகுலேட்டரைக் கழுத்தில் ரப்பர் மாலையில் தொங்கவிட வேண்டும். வலது சிலிண்டரிலிருந்து நீள ஹோஸ். காற்றழுத்தம் காட்டும் கேஜ் இரண்டு, ஒவ்வொன்றும் 15 செ.மீ. ஹோஸில். சாதாரண நீளத்தில் கேஜை விட்டால் கீழே தொங்கிப் பாரை எல்லாம் தடவிக்கொண்டே வரும்.

(கடலடியில் இருக்கும் பாறைத்திட்டும் பார், கேஜில் காட்டும் அழுத்த அளவும் பார். எங்கள் படகோட்டி அண்ணன் “எத்தனை பார் இருக்கு” என்று கேட்டால் இன்றைக்கும் குழம்புகிறேன்.)

முத்துநகர்

எல்லோரும் கடையைத் திறக்கும் முன் ஒரு சின்னக் கேள்வி. இவருக்குச் சைட்மவுண்ட் எதற்கு? பழைய ஜாக்கெட்டிலேயே சிலிண்டரைக் கட்டி, காற்றடித்து, தண்ணீரில் இறக்கிவிடலாமே. பின்னால் இவர் இறங்கி, தண்ணீரிலேயே மாட்டிக்கொள்ளட்டும். முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிற வித்தைதானே அது. ஏறும்போதும் அப்படியே கழற்றிக் கொடுத்துவிட்டு ஏறலாம். செலவு பூஜ்யம்.

பாளைக்காரன்

முத்துநகர் அண்ணே, இரண்டு தடவை செய்து பார்த்தேன். அமைதியான நாளில் சரி. அலை கொஞ்சம் எழும்பினால் ஜாக்கெட்டுக்குள் கை விடுவதற்குள் இடுப்பு முறுக்கிக்கொள்கிறது. எனக்கு ஆகாதது அந்த முறுக்குத்தான்.

பொதிகைத்தென்றல்

நான் பிசியோதெரபிஸ்ட், டைவரும்கூட. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: சைட்மவுண்ட் என்றாலே முதுகுக்கு நல்லது என்று பலர் நம்புகிறார்கள். தண்ணீருக்குள் அது உண்மைதான், பாரம் பக்கவாட்டில் பிரிந்துவிடுகிறது. கரையில் அப்படி இல்லை. அலுமினியம் 80 சிலிண்டர் ஒன்று காற்றோடும் வால்வோடும் சேர்த்துப் பதினேழு, பதினெட்டு கிலோ. இப்போது உங்களுக்கு அது இரண்டு. அதைக் குனிந்து, ஒரு கையில் தூக்கி, உடம்பைத் திருப்பிப் படகோரத்தில் வைத்தால், முதுகில் நேராகச் சுமப்பதைவிட மோசம். குனிந்து திரும்பித் தூக்குவதுதான் டிஸ்க்குக்கு எதிரி.

ஆகவே நிபந்தனை இதுதான் அண்ணா: காரிலிருந்து படகுக்கும், படகிலிருந்து தண்ணீருக்கும், திரும்பி மேலேயும் சிலிண்டரை வேறொருவர் தூக்க வேண்டும். அதற்குக் கூச்சப்படுகிற ஆள் என்றால் இந்தச் செலவே வேண்டாம்.

உவரிக்கடல்

அக்கா சொன்னதோடு படகுக் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் கடற்கரைக்காரன், அப்பா மீன்பிடித் தொழில். நம்ம பக்கம் டைவிங்குக்குக் கிடைப்பது மீன்பிடி ஃபைபர் வள்ளம்தான். சிலிண்டர் நிறுத்திவைக்கத் தட்டி கிடையாது, ஏணி பாதிப் படகில் கிடையாது. யூட்யூபில் பெரிய தளத்தில் நின்றுகொண்டு நிதானமாக மாட்டுகிற மாதிரியெல்லாம் நடக்காது.

நாங்கள் செய்வது இது. படகோரத்தில் ஒரு கயிறு கட்டி, இரண்டு முழத்தில் ஒரு வளையம், அதற்கு அப்பால் இன்னொரு வளையம். சிலிண்டரில் ரெகுலேட்டரை மாட்டி, வால்வைத் திறந்து, காற்று வருகிறதா பார்த்து, சிலிண்டர் கழுத்தைக் கயிற்று வளையத்தில் கோத்த பிறகுதான் தண்ணீரில் விடுவோம். ஆள் ஹார்னஸோடு மட்டும் பின்பக்கம் சாய்ந்து விழுவார். விங்கில் காற்று இருக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக மாட்ட வேண்டியது: முதலில் கழுத்துக் கொக்கி, அப்புறம் பங்கீ, அப்புறம் அடிக்கொக்கி, கடைசியில் கயிற்றிலிருந்து விடுதலை. இந்த வரிசை மாறக்கூடாது.

மாறினால் என்ன ஆகும்? இரண்டு வருடம் முன் எங்கள் படகில் வந்த ஒருவர், கயிற்றில் கோக்காமல் “இங்கே கொடு” என்று கையில் வாங்கினார். முழுச் சிலிண்டர், ரெகுலேட்டரோடு. அலுமினியம்தானே, மிதக்கும் என்ற நினைப்பு. கை நழுவியது, நேரே பத்துப் பாகத்துக்கு (சுமார் பதினெட்டு மீட்டர்) போய்விட்டது. பக்கத்தில் சங்கு குளித்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் இறங்கி, ஐந்து நிமிடத்தில் தூக்கி வந்து கொடுத்தார். காசு வாங்கவில்லை, சிரிப்புத்தான். அந்தச் சிரிப்புக்குக் காசே கொடுத்திருக்கலாம்.

நீவாடு (கடல் நீரோட்டம்) இழுக்கிற நாளில் தண்ணீரில் மாட்டவே போகாதீர்கள். மேற்பரப்பில் இரண்டு நிமிடம் தடுமாறினால் பாரை விட்டு வெகுதூரம் தள்ளிப் போயிருப்பீர்கள்.

ரெண்டு_சிலிண்டர்

உவரி அண்ணன் சொன்னதற்குக் கணக்குத் தருகிறேன். வாடகைக்குக் கிடைக்கும் அலுமினியம் 80 என்பது 11.1 லிட்டர், 207 பார். முழுசாக இருக்கும்போது கடல் தண்ணீரில் முக்கால் கிலோ அளவுக்கு அமிழும். ரெகுலேட்டரும் சேர்ந்தால் கல்தான். உள்ளே இருக்கும் காற்றே 2.7 கிலோ எடை. அது தீரத் தீரச் சிலிண்டர் இலேசாகி, காலியானால் இரண்டு கிலோ அளவுக்கு மேலே தூக்கும். எனவே டைவ் முடியும் நேரத்தில் சிலிண்டரின் அடிப்பக்கம் வாத்து வால் மாதிரி எழும்பும். புதிதாக வருகிறவர்கள் ஹார்னஸ் சரியில்லை என்று அந்த நேரத்தில்தான் திட்டுவார்கள்.

வழி என்னவென்றால், இடுப்புப்பட்டையில் நகர்த்தக்கூடிய டி வளையம் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். பாதிக் காற்று போனதும் அடிக்கொக்கியைப் பின்வளையத்திலிருந்து முன்வளையத்துக்கு மாற்றினால் சிலிண்டர் மறுபடி உடம்புக்கு இணையாகிவிடும். சிலர் அடிப்பட்டையில் அரைக் கிலோ ஈயம் கட்டுகிறார்கள். அதுவும் வேலை செய்யும், ஆனால் தூக்கிக் கொடுக்கிற பையன் மனசுக்குள் வைவான்.

நாரோயில்மக்கா

மக்கா, நீள ஹோஸ் 2.1 மீட்டர்தான் வேண்டுமா? எல்லா இடத்திலும் அதையே எழுதி வைத்திருக்கிறார்கள். திறந்த கடலில் அவ்வளவு நீளத்தை வைத்து என்ன செய்ய?

ரெண்டு_சிலிண்டர்

நல்ல கேள்வி. 2.1 மீட்டர் என்பது குறுகலான குகை வழியில் ஒருவர் பின் ஒருவராகக் காற்றைப் பகிர்ந்துகொண்டு வெளியேறுவதற்கு வந்த நீளம். அண்ணாச்சிக்குக் கைக்கு அடியில் வரும் 1.5 மீட்டர், வாய்ப்பக்கம் வளையும் முட்டியோடு, போதும். நெஞ்சைச் சுற்றிக் கழுத்தைச் சுற்றி என்று சிக்க வேண்டாம். நான் 2.1 தான் போடுகிறேன். அது பழக்க தோஷம்.

எந்த நீளமானாலும், கூட வருகிறவரிடம் படகிலேயே சொல்லிவிடுங்கள். சாதாரண டைவர் காற்றுத் தீர்ந்தால் மஞ்சள் நிற மாற்று ரெகுலேட்டரைத் தேடுவார். உங்களிடம் அது இருக்காது. நீங்கள் குட்டை ஹோஸில் மூச்சு விடும் நேரம் என்றால், நீள ஹோஸ் வலது தோள் வளையத்தில் கொக்கியில் இருக்கும். அதைக் கழற்றி நீங்கள்தான் கொடுக்க வேண்டும். கொக்கிக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவில் இழுத்தால் அறுந்துவிடும் ரப்பர் வளையம் ஒன்று போட்டிருந்தால், பதற்றத்தில் அவரே பிடுங்கினாலும் கைக்கு வந்துவிடும்.

முத்துநகர்

இன்னொன்று விட்டுப்போனது: ரெகுலேட்டரை வால்வில் பூட்டும் விதம், டின்னா (வால்வுக்குள் திருகுவது) யோக்கா (வால்வைச் சுற்றி மாட்டி இறுக்குவது)? நம்ம பக்கத்து வாடகைச் சிலிண்டரில் யோக்தான் அதிகம். யோக்கின் திருகு பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். சைட்மவுண்டில் அது அக்குளிலும் விலாவிலும் குத்தும். நிறைய வால்வுகளில் நடுவில் இருக்கும் திருகை அலன் கீ போட்டுக் கழற்றினால் டின் ஆகிவிடும். ஆக, டின் ரெகுலேட்டர் வாங்கி, யோக் அடாப்டர் இரண்டையும் பையில் போட்டுக்கொள்வதுதான் என் கட்சி. போகும் முன் எந்த வால்வு என்று போனில் கேட்டுவிடுங்கள்.

வால்வுத் திருகும் கவனிக்க வேண்டிய விஷயம். முறையான சைட்மவுண்டில் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று கண்ணாடிப் பிம்பம் மாதிரி வால்வு இருக்கும். வாடகையில் இரண்டும் ஒரே கைப்பக்கம்தான் கிடைக்கும். ஒரு பக்கத்துத் திருகு உடம்பைப் பார்த்து இருக்கும். பழகிக்கொள்ளலாம், ஆனால் கை எங்கே போக வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு பயிற்சி செய்யுங்கள்.

தேரிமணல்

கொக்கி, கிளாம்ப் பற்றி யாரும் பேசவில்லையே. திருநெல்வேலி ஜங்ஷன் இரும்புக் கடையில் கிடைக்கும் ஹோஸ் கிளாம்பை வாங்கி நான் சிலிண்டரில் பூட்டினேன். நான்காவது டைவில் துரு, ஆறாவதில் திருகே நகரவில்லை, கடைசியில் ரம்பம்தான். கடலுக்கு 316 ரகத் துருப்பிடிக்காத ஸ்டீல் வேண்டும். வாடகைச் சிலிண்டருக்குக் கிளாம்பே வேண்டாம்; பட்டையும் பூட்டும் உள்ள கேம் பேண்ட் போதும், நொடியில் மாற்றலாம்.

பங்கீயைக் காரின் டிக்கியில் போட்டு வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் எங்கள் ஊர் டிக்கிக்குள் ரப்பர் அப்பளம் ஆகிவிடும்.

வள்ளியூர்த்தம்பி

அண்ணாச்சிமாரே, நான் இன்னும் முதல் வகுப்பான ஓப்பன் வாட்டர்கூட முடிக்கவில்லை. ஆனால் சைட்மவுண்ட் குகைக்குத்தான் வந்தது என்று படித்தேன். நம்ம திசையன்விளைப் பக்கம் ஆயன்குளம் கிணறு இருக்கிறதே, 2021 வெள்ளத்தில் எவ்வளவு தண்ணீர் விட்டும் நிறையவில்லையே, உள்ளே குகை இருக்கிறது என்றுதானே சொன்னார்கள்? சைட்மவுண்ட் மாட்டிக்கொண்டு ஒரு எட்டு பார்த்தால் என்ன?

நாரோயில்மக்கா

தம்பி, அந்த எட்டு எடுத்து வைக்காதே.

படித்தது சரி. 1960களில் இங்கிலாந்தில் குகைக்குள் ஊர்ந்து போகிறவர்கள், நடுவில் தண்ணீர் அடைத்த இடங்களைத் தாண்டச் சிலிண்டரை இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். அங்கே அது நீந்துவதற்குக்கூட இல்லை, ஊர்வதற்கு. அப்புறம் அமெரிக்காவின் புளோரிடா ஊற்றுகளிலும் மெக்சிகோ குகைகளிலும் வளர்ந்து, நம்ம மாதிரி ஆட்களிடம் வந்து சேர ரொம்ப வருடம் ஆனது. அதில் உயிர்விட்டவர்கள் கணக்கு நிறைய, பயிற்சி பெற்றவர்கள் உட்பட.

ஆயன்குளத்தில் ஐஐடி ஆட்கள் வந்து ஆராய்ந்து, சுண்ணாம்புப் பாறைக்குள் தண்ணீர் அரித்த வழிகள் இருக்கின்றன என்றார்கள். அது தண்ணீர் போகும் வழி, மனுஷன் போகும் வழி இல்லை. வெள்ளம் உள்ளே இழுக்கிற நேரத்தில் கிணற்றுக்குப் பக்கத்திலேயே நிற்கக்கூடாது. தலைக்கு மேல் பாறை இருக்கிற எந்த இடத்துக்கும் தனிப் பயிற்சி வேண்டும். சைட்மவுண்ட் ஹார்னஸ் வாங்கினால் குகை டைவர் ஆகிவிட முடியாது. முதலில் ஓப்பன் வாட்டரை முடி, ஐம்பது டைவ் போ, அப்புறம் வந்து பேசு. கோபம் இல்லை, பயம்தான்.

வள்ளியூர்த்தம்பி

சரி அண்ணாச்சி. கிணற்றை விட்டுவிட்டேன்.

பாளைக்காரன்

தம்பி கேட்டதால் எனக்கும் ஒரு சந்தேகம். சித்தப்பா தோட்டத்தில் பெரிய கிணறு இருக்கிறது, முப்பது அடி தண்ணீர். குகை கிகை எதுவும் இல்லை, மேலே திறந்த வானம். ஹார்னஸ் அளவு சரிபார்க்க அங்கே இறங்கலாமா?

ரெண்டு_சிலிண்டர்

முதலில் நீச்சல் குளம். கிணறு என்றால் பயிற்சியாளர் கூட இருக்க வேண்டும். மோட்டார் குழாய், பழைய கயிறு, படிக்கட்டு இடிபாடு எல்லாம் அடியில் கிடக்கும். மோட்டாரின் ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு இறங்குங்கள். தாமிரபரணிக் கசம் (ஆற்றின் ஆழமான மடு) வேண்டவே வேண்டாம்.

அதோடு, கிணற்றில் சரிபார்த்த ஈயம் கடலில் பத்தாது. உப்புத்தண்ணீர் இரண்டரை சதவீதம் கனம். ஆளும் சாமானுமாக நூறு கிலோ என்றால் கடலில் இரண்டரைக் கிலோ கூடுதலாக வேண்டும்.

இரண்டு சிலிண்டர் எடுப்பதில் ஒரு லாபமும் உண்டு. நிமிடத்துக்குப் பத்து லிட்டர் மூச்சில் நாள் ஓட்டுகிற ஆட்களை விடுங்கள். நிமிடத்துக்குப் பதினைந்து லிட்டர் மூச்சு, சராசரி பன்னிரண்டு மீட்டர் ஆழம் (அங்கே அழுத்தம் 2.2 மடங்கு), 45 நிமிடம் என்று வைத்தால் ஒரு டைவுக்கு 1,485 லிட்டர். 200 பார் நிரப்பிய இரண்டிலும் சேர்த்து 4,440 லிட்டர் இருக்கும். ஒரே ஜோடியில் காலையில் இரண்டு டைவும் முடித்தாலும் ஒவ்வொன்றிலும் 66 பார் மிச்சம். நடுவில் ஆடுகிற படகில் சிலிண்டர் மாற்றும் வேலை இல்லை. உங்கள் மூச்சு இருபது லிட்டர் என்றால் இந்தக் கணக்கு உதைக்கும், அப்போது செய்யாதீர்கள். முப்பது, நாற்பது பாருக்கு ஒரு முறை ரெகுலேட்டர் மாற்றி, இரண்டையும் சமமாக இறக்கிக்கொண்டே வர வேண்டும்.

பொதிகைத்தென்றல்

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே இருக்கும் தீவுகளும் சுற்றுப் பவளமும் 1986-லிருந்து கடல் தேசியப் பூங்கா. இருபத்தொரு தீவு. வனத்துறை அனுமதி இல்லாமல் போகக்கூடாது. படகுக்காரர் “அதெல்லாம் ஒன்றுமில்லை” என்றாலும் போகாதீர்கள்.

பாளைக்காரன்

மாசி மாதம் ஆகிவிட்டது, தகவல் சொல்லாமல் இருந்தால் தப்பு.

கார்த்திகையில் அந்தமானில் நான்கு நாள் சைட்மவுண்ட் வகுப்புப் போனேன். அங்கேயே மூன்று ஹார்னஸ் மாட்டிப் பார்த்துவிட்டு, இரண்டாம் கையாகப் பட்டை வகை ஒன்று வாங்கினேன். ரெகுலேட்டர் புதிது, டின். ஹோஸ் நீளம் ரெண்டு_சிலிண்டர் தம்பி சொன்னபடி. ஆசையில் 2.1 மீட்டரும் ஒன்று வாங்கிவிட்டேன், அது பையிலேயே கிடக்கிறது.

போன ஞாயிறு தூத்துக்குடியில் முதல் படகு டைவ். உவரி அண்ணன் சொன்ன கயிறும் வளையமும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போனேன். சிலிண்டரைத் தொடவே இல்லை, படகில் இருந்த இரண்டு பேர் தூக்கினார்கள், கூச்சத்துக்கு மீன் குழம்புச் சாப்பாடு வாங்கிக் கொடுத்துச் சரிக்கட்டினேன். மாட்ட எனக்குப் பதினொரு நிமிடம் ஆனது. படகோட்டிப் பெரியவர் பீடியை முடித்துவிட்டுச் சொன்னார்: “எங்க தாத்தா கல்ல மிதிச்சுக்கிட்டு ஒரே மூச்சுல முத்துக் குளிச்சு வந்தாரு. நீங்க இறங்கதுக்குள்ள பொழுதே போயிரும் போலிருக்கே.”

டைவ் மாஸ்டர் காற்று எவ்வளவு என்று கேட்டதற்கு 110, 140 என்று இரண்டு தடவை காட்டினேன். முப்பது பார் ஏறிவிட்டதாக நினைத்து அவர் முழித்தார். வால் எழும்பியது, கொக்கியை முன்னால் மாற்றினேன், அமைதியானது. திரும்பும்போதுதான் தவறு: மேலே வாங்கிய பையன் ஹோஸைப் பிடித்து இழுத்துவிட்டான். இணைப்பில் குமிழி வருகிறது, உள்ளே அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் போயிருக்கும் என்று நினைக்கிறேன். “ஹோஸைப் பிடிக்காதே, வால்வுக் கழுத்தைப் பிடி” என்று ஏறும் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

முதுகு வலிக்கவில்லை. மறுநாளும் வலிக்கவில்லை.

பொதிகைத்தென்றல்

கடைசி வரிதான் எனக்கு வேண்டியது. வயிற்றுப் பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள்.

தேரிமணல்

அண்ணாச்சி, பையில் சும்மா கிடக்கும் அந்த 2.1 மீட்டர் ஹோஸைக் கொடுக்கிற உத்தேசம் உண்டா?

பாளைக்காரன்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்ணார்பேட்டைப் பக்கம் வருவேன். ஓ-ரிங் மாற்றத் தெரியும் என்றால் அதற்கான திருகுசாவியையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.